வசனம் வேண்டாம், வழக்கைக் கொடுங்கள்: பொறியியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பொறியியல் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் பொறியியல் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை. சென்ற பருவத்து வாய்மொழித் தேர்வில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். ஒரு மாணவர் வந்து அமர்ந்தார். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னேன். தங்குதடையின்றிப் பேசினார். நான்காவது வாக்கியத்தில் அவருடைய புராஜெக்ட் பற்றி இடைமறித்து ஒரு கேள்வி கேட்டேன். திகைத்துப் போனார். சிறிது நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு மறுபடியும் தன் பெயரிலிருந்தே தொடங்கினார்.

அதே மாணவரை இரண்டு வாரங்களுக்கு முன் பட்டறையில் பார்த்திருந்தேன். லேத் இயந்திரத்தின் அருகே நின்று, வெட்டும் கருவியின் முனை ஏன் இவ்வளவு சீக்கிரம் மழுங்குகிறது என்று பயிற்றுநருடன் தாய்மொழியில் வாதாடிக்கொண்டிருந்தார். சுழல்வேகம் அதிகம் என்றார் பயிற்றுநர். இல்லை, குளிர்விக்கும் திரவம் விழவேண்டிய இடத்தில் விழவில்லை என்றார் இவர். மறுப்பு, காரணம், எண்கள், மரியாதை எல்லாம் அந்தப் பேச்சில் இருந்தன. ஒரு நல்ல பொறியாளருக்கு வேண்டிய பேச்சு அது. ஆங்கில வகுப்பில் அந்தப் பேச்சுக்கு நாம் இடமே வைக்கவில்லை. அவருக்குப் பேச வராது என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தோம். அந்த மதிப்பெண்ணைப் போட்டது என் கைதான். அன்றிலிருந்து மனம் ஆறவில்லை.

‘ரோல் பிளே’ என்று நாம் வழக்கமாகச் சொல்லும் பாத்திரமேற்றுப் பேசும் பயிற்சியைப் பற்றியே இந்த மடல். அது பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். பெயரளவில் இருக்கிறது. பாடநூலில் ஒரு கடைக்காரரும் வாடிக்கையாளரும் பேசும் இருபது வரி உரையாடல் அச்சிடப்பட்டிருக்கும். வகுப்பில் ஏற்கெனவே நன்றாகப் பேசும் இருவர் அதை மனப்பாடம் செய்து முன்னால் நின்று ஒப்பிப்பார்கள். மற்ற ஐம்பத்தெட்டுப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஆசிரியர் கைதட்டச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவார். நானும் சில ஆண்டுகள் இப்படித்தான் நடத்தினேன். எதிராளி என்ன சொல்லப்போகிறார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அதில் கேட்பதற்கும் ஒன்றுமில்லை, யோசித்துப் பதில் சொல்வதற்கும் ஒன்றுமில்லை. மனப்பாடத் தேர்வுக்கு இன்னொரு வேடம் போட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

நான் கேட்பது வேறொன்று. வசனத்தை எடுத்துவிடுங்கள்; அதன் இடத்தில் ஒரு வழக்கை, அதாவது இருவர் பேசித் தீர்க்கவேண்டிய ஒரு சிக்கலை, வையுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். இரண்டு அட்டைகள். முதல் அட்டை பராமரிப்புப் பொறியாளருக்கு: ஒரு பம்பின் பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் உறுப்பு) வழக்கமாக 60 டிகிரி செல்சியஸில் ஓடும், இன்று காலை 85ஐத் தொட்டுவிட்டது, அதிர்வும் கூடியிருக்கிறது, நான்கு மணி நேரம் நிறுத்திப் பிரித்துப் பார்க்கவேண்டும். இரண்டாவது அட்டை உற்பத்தி மேலாளருக்கு: இன்று மாலை ஆறு மணிக்குச் சரக்கு ஏற்றியாகவேண்டும்; போன மாதமும் பராமரிப்புக்காரர்கள் இப்படிச் சொல்லி நிறுத்தினார்கள், பிரித்துப் பார்த்தபோது ஒன்றுமில்லை; மாலைக்குப் பின் இரண்டு மணி நேரம் வேண்டுமானால் தரலாம். ஒருவர் அட்டையை மற்றவர் பார்க்கக் கூடாது. பேசி ஒரு முடிவுக்கு வரவேண்டும். இவ்வளவுதான் விதி.

இதில் எத்தனை இலக்கணம் தானாக வந்து நிற்கிறது, பாருங்கள். நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல நிபந்தனை வாக்கியம் வேண்டும். போன மாதம் நடந்ததைச் சொல்ல இறந்தகாலம் வேண்டும். மேலாளரைப் புண்படுத்தாமல் மறுக்க ஒரு பணிவான தொடர் வேண்டும். இவை எல்லாம் கரும்பலகையில் நான் பலமுறை எழுதிப்போட்டவைதான். அங்கே அவற்றை எழுதிக்கொண்டு போனவர்கள், இங்கே அந்தச் சொல் கிடைக்காமல் தவித்து, என்னிடம் வந்து கேட்டு வாங்கிப்போனார்கள். கேட்டு வாங்கிய சொல் மறப்பதில்லை.

மொழியறிஞர்கள் இதை முன்பே சொல்லிவிட்டார்கள். இலக்கணம் அறிந்திருப்பது ஒன்று. யாரிடம், எப்போது, எப்படிப் பேசுவது என்று அறிந்திருப்பது இன்னொன்று என்று டெல் ஹைம்ஸ் மொழித்திறனுக்கு ஒரு புதுப் பொருள் கொடுத்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. கனடாவில் பள்ளிப் பாடங்களைப் பிரெஞ்சு மொழியில் பயின்ற ஆங்கிலக் குழந்தைகளை மெரில் ஸ்வெயின் ஆராய்ந்தார். பல ஆண்டுகள் பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொண்டிருந்தும் அவர்கள் பேச்சிலும் எழுத்திலும் குறைகள் நீங்கவில்லை. கேட்பது மட்டும் போதாது, சொல்ல முயன்று, முடியாமல் திணறி, வழி தேடும்போதுதான் மொழி கூர்மையடைகிறது என்று அவர் 1985இல் எழுதினார். நம் மொழி ஆய்வகங்களில் மாணவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து கேட்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தைகளின் நினைவு வருகிறது.

பொறியாளருக்குப் பேச்சு ஓர் அலங்காரம் என்று நினைப்பவர்கள் உங்கள் குழுவிலும் இருக்கக்கூடும். அவர்களுக்காக இரண்டு நிகழ்வுகளை நினைவூட்டுகிறேன்.

1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் நோக்கி வந்த அவியான்கா 52 என்ற விமானம், மோசமான வானிலையாலும் நெரிசலாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானில் வட்டமிட வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. விமானியின் ஆங்கிலம் போதாது; வானொலியில் பேசியது துணை விமானி. அவர் ‘பிரையாரிட்டி’ வேண்டும் என்று கேட்டார். எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார். தரையில் இருந்தவர்களை அசைக்கக்கூடிய ‘எமர்ஜென்சி’ என்ற சொல்லைக் கடைசி வரை சொல்லவில்லை. நெருக்கடி என்று அவர்களிடம் சொல் என்று விமானி தம் மொழியில் சொல்லியும் அந்தச் சொல் வானொலியில் போகவில்லை. விமானம் லாங் தீவில் விழுந்து 73 பேர் இறந்தார்கள். அந்தத் துணை விமானி சொன்ன வாக்கியங்களில் பெரிய இலக்கணப் பிழை எதுவும் இல்லை. நம் தேர்வில் அவற்றுக்கு நல்ல மதிப்பெண்ணே கிடைத்திருக்கும். அதிகாரத்தில் இருப்பவரிடம் அவசரத்தை அவசரமாகவே சொல்லும் பழக்கம் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை.

இன்னொன்று நம் துறைக்கு இன்னும் நெருக்கமானது. 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஒரு ஹோட்டலின் தொங்கு நடைபாதைகள் இடிந்து விழுந்து 114 பேர் மாண்டார்கள். கூரையிலிருந்து வரும் ஒரே நீளக் கம்பி இரண்டு நடைபாதைகளையும் தாங்குவதாக முதல் வடிவமைப்பு இருந்தது. செய்வதற்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை இரண்டு கம்பிகளாகப் பிரித்தார்கள். மேல் நடைபாதையின் பீமுக்கு அடியில் இருந்த நட்டு, தன் நடைபாதையின் பாரத்தோடு கீழ் நடைபாதையின் பாரத்தையும் சேர்த்துச் சுமக்க நேர்ந்தது. பாரம் இரட்டிப்பானதை யாரும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. இந்த மாற்றத்துக்குத் தொலைபேசியில் ஒப்புதல் கேட்டு வாங்கியதாகக் கம்பிகளைச் செய்துகொடுத்த நிறுவனம் சொன்னது. வடிவமைத்த தரப்பு அதை மறுத்தது.

இந்தத் தொலைபேசி உரையாடலை நான் வகுப்பில் பாத்திரமேற்கக் கொடுப்பதுண்டு. ஒருவர் பட்டறையிலிருந்து அழைக்கிறார். மற்றவர் வேறொரு வேலையின் நடுவில் எடுக்கிறார். எதிரெதிர் பார்க்காதபடி முதுகைக் காட்டி உட்காரவேண்டும், கையில் வரைபடம் இருக்கக் கூடாது. வெறும் சொற்களால் ஓர் இணைப்பை விவரிக்கவேண்டும். பேசி முடித்தபின், எதற்கு ஒப்புதல் கொடுத்தோம் என்று இருவரும் தனித்தனியே படம் வரையவேண்டும். இரண்டு படங்களும் ஒத்துப்போவது அபூர்வம். அந்த இரண்டு தாள்களையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்க்கும்போது வகுப்பில் விழும் அமைதியை நீங்கள் ஒருமுறை வந்து பார்க்கவேண்டும். எந்தச் சொல் இல்லாமல் போனதால் படம் மாறியது என்று அவர்களே தேடத் தொடங்கிவிடுவார்கள்.

மருத்துவக் கல்வி இந்தப் பாதையில் வெகு தூரம் போய்விட்டது என்பதையும் சொல்லவேண்டும். 1963இல் ஹோவர்ட் பாரோஸ் என்ற அமெரிக்க மருத்துவர், நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவரை மாணவர்கள் முன் உட்காரவைத்தார். 1975இல் ஸ்காட்லாந்தில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய சகாக்களும் தேர்வையே பல சிறு நிலையங்களாகப் பிரித்தார்கள். மாணவர் ஒவ்வொன்றாகச் சென்று, ஒவ்வோரிடத்திலும் சில நிமிடங்களில் ஒரு செயலைச் செய்து காட்டவேண்டும். இன்று உலகின் பல நாடுகளில் மருத்துவ மாணவர் ஒருவர், துயரச் செய்தியை உறவினரிடம் எப்படிச் சொல்கிறார் என்று நடித்துக்காட்டித்தான் தேர்ச்சி பெறுகிறார். பாலம் கட்டுபவருக்கும் கொதிகலனை இயக்குபவருக்கும் அந்தப் பயிற்சி தேவையில்லை என்று யார் முடிவு செய்தது?

எதிர்ப்புகள் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் என் சக ஆசிரியர்களிடமிருந்தே கேட்டிருக்கிறேன்.

அறுபது பேர் வகுப்பில் இது நடக்குமா என்பது முதல் கேள்வி. நடக்கும். மூவர் மூவராகப் பிரித்தால் இருபது குழுக்கள். இருவர் பேச, ஒருவர் கவனிப்பார். இருபது குழுக்களும் ஒரே நேரத்தில் பேசவேண்டும். மேடை என்று ஒன்று இருக்கவே கூடாது. இரைச்சல் இருக்கும்தான். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்ப்பார். ஆனால் ஐம்பது நிமிட வகுப்பில் ஒரு மாணவர் குறைந்தது பத்து நிமிடமாவது வாய் திறந்து ஆங்கிலம் பேசியிருப்பார். வழக்கமான வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் கூட்டினாலும் பலருக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைப்பதில்லை.

எல்லாருக்கும் ஒரே தாய்மொழி, அதிலேயே பேசிவிடுவார்களே என்பது அடுத்தது. இது நியாயமான கேள்வி. ஒரே மொழி பேசும் இரண்டு நண்பர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசுவது செயற்கைதான். அதை மிரட்டலால் தீர்க்க முடியாது. நான் கண்ட வழி, மூன்றாவது ஆளுக்கும் ஒரு பாத்திரம் கொடுப்பது. அவர் மற்ற இருவரின் மொழி அறியாத வாடிக்கையாளரின் பிரதிநிதி. கூட்டத்தின் முடிவுகளை அவர்தான் எழுதி அனுப்பவேண்டும். அவருக்குப் புரியாவிட்டால் முடிவு பதிவாகாது. இப்போது ஆங்கிலத்துக்கு ஒரு காரணம் பிறந்துவிட்டது. தயாரிப்புக்காகக் கொடுக்கும் ஐந்து நிமிடத்தில் தாய்மொழியில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். சிந்தனை தெளிவாக உதவும் தாய்மொழியைத் தடுப்பது, அடித்தளம் இல்லாமல் சுவர் எழுப்பச் சொல்வதற்குச் சமம்.

கூச்சம் உள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்றும் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் அவர்களுக்குத்தான் இது அதிகம் உதவுகிறது. ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்றால் ஒடுங்கிப்போகும் பெண், ஒப்பந்தக்காரரை மறுக்கும் தளப் பொறியாளராக நிற்கும்போது நிமிர்ந்து நிற்கிறாள். பிழை நேர்ந்தால் அது அந்தப் பாத்திரத்தின் பிழை, தன் பிழை இல்லை என்ற மறைப்பு ஒன்று கிடைக்கிறது. இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. நான் பார்த்த பாடநூல் உரையாடல்களில் பெண்களுக்கு வரவேற்பாளர் வேடமும் செயலாளர் வேடமுமே பெரும்பாலும் வாய்த்தன. அட்டையில் பெயரே வேண்டாம், பதவியை மட்டும் எழுதினால் போதும். யார் கையில் சீட்டு விழுகிறதோ அவர் தலைமைப் பொறியாளர். அந்தச் சீட்டு கைக்கு வந்ததும் சில மாணவிகளின் குரல் மாறுவதை நான் கேட்டிருக்கிறேன்.

பிழைதிருத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வகுப்புகள் கெடுவது இங்கேதான். பேசிக்கொண்டிருப்பவரை நிறுத்தி ‘ஹேஸ்’ அல்ல ‘ஹேவ்’ என்று திருத்தினால் அவர் அந்தப் பம்பை மறந்துவிடுவார், மேலாளரை மறந்துவிடுவார், ஆசிரியர் முகத்தை மட்டும் பார்க்கத் தொடங்குவார். நான் ஒரு தாளுடன் குழுக்களுக்கிடையே நடப்பேன், கேட்டதைக் குறித்துக்கொள்வேன், முடிந்தபின் பேசியவர் பெயரைச் சொல்லாமல் ஐந்தாறு வாக்கியங்களைப் பலகையில் எழுதுவேன். அவற்றிலும் பொருளை மாற்றும் பிழைகளுக்கே முதலிடம். ‘ஃபிஃப்டீன்’ என்பதற்கும் ‘ஃபிஃப்டி’ என்பதற்கும் இடையில் ஒரு கட்டடமே சாயலாம். ‘கேன்’ என்பதும் ‘கான்ட்’ என்பதும் தொலைபேசியில் ஒன்றுபோலவே ஒலிக்கும். இதற்கு விமானிகளிடமிருந்து ஒரு வழக்கத்தைக் கடன் வாங்கியிருக்கிறேன். கட்டுப்பாட்டு அறை சொல்லும் உயரத்தையும் திசையையும் அவர்கள் திருப்பிச் சொல்லி உறுதிசெய்வார்கள். என் வகுப்பிலும் எதிராளி ஓர் எண்ணைச் சொன்னால் அதைத் திருப்பிச் சொன்னபின்தான் பதில் சொல்லவேண்டும். இந்த ஒரு விதியால் கேட்கும் திறன் வளர்ந்த அளவுக்கு வேறெதனாலும் வளர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. உச்சரிப்பில் இங்கிலாந்துக்காரரைப் போல ஒலிக்கவேண்டும் என்ற ஆசையை நாம் கைவிடலாம். கேட்பவருக்குப் புரிந்தால் போதும்.

திருத்தம் முடிந்ததும் வகுப்பு முடிந்துவிடக் கூடாது. அதே வழக்கை, வேறொரு இணையுடன், மறுபடியும் பேசவேண்டும். முதல் சுற்றில் என்ன சொல்வது என்பதிலேயே மூளை முழுவதும் செலவாகிவிடும். இரண்டாம் சுற்றில்தான் எப்படிச் சொல்வது என்பதற்கு இடம் கிடைக்கும். ஒரே செய்தியை ஒருவரிடம் நான்கு நிமிடத்திலும், அடுத்தவரிடம் மூன்று நிமிடத்திலும், மூன்றாமவரிடம் இரண்டு நிமிடத்திலும் சொல்லவைக்கும் பயிற்சியைக் கீத் மாரிஸ் 1983இல் விவரித்தார். நேரம் சுருங்கச் சுருங்கத் தயக்கம் குறைவதை நானே கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். நம் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு வாரமும் புதுத் தலைப்பு இருக்கிறது. எதையும் இரண்டாம் முறை செய்ய நேரமில்லை. தலைப்புகளைப் பாதியாகக் குறையுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

வழக்குகளை எழுதுவது ஆங்கில ஆசிரியரால் மட்டும் ஆகிற காரியம் அல்ல. கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கி நிற்கும் சென்ட்ரிங் பலகையை எத்தனை நாளில் பிரிக்கலாம் என்று ஒப்பந்தக்காரரும் தளப் பொறியாளரும் மோதும் வழக்கை நான் முதலில் எழுதியபோது, கான்கிரீட்டின் வலிமையை அளக்கும் கியூப் சோதனையின் எண்களைத் தவறாக எழுதிவிட்டேன். ஒரு மாணவர் பாத்திரத்திலிருந்து வெளியே வந்து, இந்த எண் இருக்கவே முடியாது என்றார். கட்டடவியல் துறை ஆசிரியர் ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தார். ஏழாம் நாள் சோதனை முடிவு ஒருவர் அட்டையில், வாடகைப் பலகையைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய தேதி மற்றவர் அட்டையில் என்று அவர்தான் பிரித்துக் காட்டினார். அந்த அட்டை இன்றும் என்னிடம் உள்ளவற்றில் சிறந்தது. ஒவ்வொரு துறையிலிருந்தும் ஓர் ஆசிரியரை இதற்கென ஒதுக்கும்படி பாடத்திட்டத்திலேயே எழுதினால்தான் இது நடக்கும். தனிப்பட்ட நட்பை நம்பி ஒரு பாடத்தை நடத்த முடியாது.

கடைசியாக, தேர்வு. நீங்கள் எதை அளக்கிறீர்களோ அதையே கல்லூரிகள் கற்பிக்கும். இப்போதைய வாய்மொழித் தேர்வில் உச்சரிப்புக்கு இவ்வளவு, இலக்கணத்துக்கு இவ்வளவு, உடல்மொழிக்கு இவ்வளவு என்று பிரித்திருக்கிறோம். சொன்ன செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதற்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. மருத்துவர்கள் செய்ததைப்போல நான்கு சிறு நிலையங்கள் வையுங்கள். ஒன்றில் பழுதைத் தொலைபேசியில் தெரிவிக்கவேண்டும். ஒன்றில் பொறியியல் அறியாத ஒருவருக்கு ஆபத்தை விளக்கவேண்டும். ஒன்றில் மேலதிகாரியின் அவசரத்தை மறுக்கவேண்டும். ஒன்றில் புரியாததைப் புரியவில்லை என்று சொல்லித் திரும்பக் கேட்கவேண்டும். பேசி முடித்ததும், எதிரே இருந்தவர் என்ன புரிந்துகொண்டார் என்பதை ஒரு தாளில் எழுதட்டும். பாதி மதிப்பெண்ணை அந்தத் தாளைப் பார்த்துப் போடுங்கள்.

மறுக்கும் நிலையத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். சேலஞ்சர் விண்கலம் ஏவப்படுவதற்கு முந்தைய இரவு, 1986 ஜனவரி 27 அன்று, உந்துபொறி செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள், குளிரில் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும், ஏவவேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார்கள். மேலாளர்கள் தனியே கலந்து பேசி அந்த முடிவை மாற்றினார்கள். மறுநாள் ஏழு பேர் இறந்தார்கள். அந்தப் பொறியாளர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி. அவர்களுக்கே அவ்வளவு கடினமாக இருந்த ஒன்றை, இரண்டாம் மொழியில், ஒருமுறைகூட ஒத்திகை பார்க்காமல், நம் பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் செய்துவிடுவார்கள் என்று எப்படி நம்புகிறோம்?

உங்கள் அடுத்த கூட்டத்தில் எனக்கு அரை மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். அறிக்கையோ புள்ளிவிவரமோ கொண்டுவரமாட்டேன். பேரிங் அட்டைகள் இரண்டையும், சென்ட்ரிங் அட்டைகள் இரண்டையும் கொண்டுவருகிறேன். நீங்கள் மூவர் மூவராக உட்கார்ந்து, ஒருவர் அட்டையை மற்றவர் பார்க்காமல், ஆறு நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் பாருங்கள். அதன்பிறகு பாடத்திட்டத்தின் அந்தப் பக்கத்தைத் திறந்து, இருபது வரி உரையாடலை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
பொறியியல் மாணவர்களின் ஆங்கில ஆசிரியை